பச்சை மங்குவது உப்பாலா, வெயிலாலா?

(மார்கழி மாத ஞாயிறு ஒன்றின் மாலையில், அனுமந்தையில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சர்க்கரை நோயும் பாதப் புண்ணும் என்று பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். தலைப்பை மாற்றியது நான். மரக்காணம் பக்கத்திலிருந்து என்னிடம் வருகிறவர்கள், படைக்கு வந்தாலும் சேற்றுப்புண்ணுக்கு வந்தாலும், மருந்துச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி கேட்பார்கள். "டாக்டரே, இந்தப் பச்சை மங்கிக்கிட்டே போவுது, இதுக்கு ஏதாவது களிம்பு இருக்கா?" நான் வாய் திறப்பதற்குள் காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "உப்பளத்துல வேலை. உப்பு அரிச்சிடுச்சு."

உப்பு அரிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். யார் செய்த குற்றம் என்று தெரியாமல் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தால் குற்றவாளி தினமும் வந்து போய்க்கொண்டே இருப்பான். இங்கே குற்றவாளி தலைக்கு மேலே இருக்கிறான், காலுக்குக் கீழே இல்லை.

முதலில், பச்சை குத்திய மை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். தோலில் மேல்தோல், உள்தோல் என்று இரண்டு அடுக்கு. மேல்தோல் நிலைத்து நிற்பதில்லை. அடியில் புதுச் செல் பிறந்து, மேலே ஏறி, காய்ந்து, குளிக்கும்போது அழுக்கோடு அழுக்காகப் போய்விடும். ஏறக்குறைய நான்கு வாரத்தில் மேல்தோல் முழுக்கப் புதிதாகிவிடுகிறது. மையை அந்த அடுக்கில் விட்டால் அடுத்த அமாவாசைக்குள் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஊசி அதைத் தாண்டி உள்தோலுக்குள், ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரை போகிறது. கை பழகியவர் குத்தினால் மை சரியாக அங்கே நிற்கும். பழகாதவர் மேலாகக் குத்தினால் உதிர்ந்து திட்டுத்திட்டாக ஆகும். ஆழமாகக் குத்தினால் கொழுப்பில் இறங்கிக் கோடு கலங்கும். நிறையப் பேருடைய பச்சை மங்கியது பராமரிப்புக் குறையால் அல்ல, குத்திய அன்றைக்கே அது அப்படித்தான். அதற்கு எந்தக் களிம்பும் இல்லை.

உள்தோலுக்குப் போன மை அங்கே சும்மா கிடப்பதும் இல்லை. ஏதோ அந்நியப் பொருள் வந்துவிட்டது என்று உடம்பு காவலுக்கு ஆள் அனுப்புகிறது. மேக்ரோஃபேஜ் என்ற அணுக்கள் வந்து மைத்துகளை விழுங்கிவிடுகின்றன. விழுங்குகின்றனவே தவிர, செரிக்க முடிவதில்லை. வயிறு நிறைய மையோடு அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. நாம் பச்சை என்று பார்ப்பது இந்த அணுக்களைத்தான். பிரான்சில் மார்செய் நகரத்து நோயெதிர்ப்பியல் மையத்தில் எலியின் வாலில் பச்சை நிற மையைக் குத்திச் சோதித்தார்கள். மை தின்ற அணுக்களை எல்லாம் மருந்து கொடுத்துச் சாகடித்துப் பார்த்தார்கள். வாலில் இருந்த கோடு அப்படியே இருந்தது. செத்த அணு கக்கிய மையைப் புதிதாக வந்த அணு அதே இடத்தில் விழுங்கிவிட்டது. இந்த ஆய்வு 2018இல் வெளியானது. அறுபது வயதில் கையில் இருக்கும் பச்சை இருபது வயதில் அதை விழுங்கிய அணுக்களிடம் இல்லை. பேரன், கொள்ளுப்பேரன் என்று பல தலைமுறை கைமாறி வந்திருக்கிறது.

கைமாறும்போது கொஞ்சம் சிந்தும். அதனால்தான் வயதான பச்சையின் ஓரம் பரவுகிறது. மிக நுண்ணிய துகள்கள் நிணநீரோடு ஓடி அக்குள் நெறிகளில் தங்குகின்றன. 2017இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பிரான்சின் கிரனோபிள் நகரத்து எக்ஸ் கதிர்க் கூடத்தில் இறந்தவர்களின் நெறிகளைச் சோதித்து, அங்கே மைத்துகள் தங்கியிருப்பதைக் காட்டினார்கள். இது இயற்கையான மங்கல். இதை யாராலும் நிறுத்த முடியாது.

சரி, உப்பு இந்த இடத்துக்குள் போகுமா? கடல் தண்ணீரில் நூற்றுக்கு மூன்றரை பங்கு உப்பு. உங்கள் பாத்தியில் முற்றி, உப்பு பூக்கிற தண்ணீரில் ஏறக்குறைய இருபத்தைந்து பங்கு. அதிலேயே நாள் முழுக்க நின்றாலும், காயம் இல்லாத தோலைத் தாண்டி அந்த உப்பு உள்தோலின் மையைத் தொடாது. தொட்டாலும் கரைக்காது. மை தண்ணீரில் கரைகிற பொருளே இல்லை.

உப்பு செய்வது வேறு. மேல்தோலில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி, மேற்பரப்பைக் காயவைத்துச் செதில் செதிலாக ஆக்கிவிடுகிறது. சாமி படத்துக்குப் போட்ட கண்ணாடியில் புழுதி படிந்தால் படம் மங்கலாகத் தெரியுமே, அதே கதை. படம் கெடவில்லை, கண்ணாடிதான் கெட்டது. சந்தேகம் இருந்தால் வீட்டுக்குப் போய், நல்ல தண்ணீரில் கையைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்கள். போனதாக நினைத்த பச்சையில் பாதி அப்போதே திரும்பிவிடும். அந்தப் பாதி ஒருபோதும் போகவே இல்லை. உப்பளத்திலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர், அடுத்து எண்ணெய். உப்போடு காயவிடாதீர்கள். உப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது வெயில். புற ஊதாக் கதிர் இரண்டு வகையில் வந்து சேர்கிறது. ஒன்று மேல்தோலிலேயே நின்று எரிச்சலையும் கறுப்பையும் கொடுக்கும். இன்னொன்று மேல்தோலைக் கடந்து உள்தோல் வரை, மை இருக்கும் இடத்துக்கே போகும். அந்த இரண்டாவது கதிர் சில மைகளின் மூலக்கூறை உடைக்கிறது. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு மைகள் பெரும்பாலும் அசோ என்ற சாயக் குடும்பத்தைச் சேர்ந்தவை. துணிக்கும் பெயின்டுக்கும் என்று உண்டானவை, தோலுக்கு என்று யாரும் செய்ததில்லை. வெயில் பட்டால் உடையும். உடைந்த துண்டுகளில் சில உடம்புக்கு ஆகாதவை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பெயர் பெற்ற ஒரு நீலத்துக்கும் ஒரு பச்சைக்கும் ஓராண்டு அவகாசம் கொடுத்து 2023இல் அவற்றையும் நிறுத்தியது. நம் ஊர் டாட்டூக் கடைகளில் அலமாரி நிறைய வண்ணம் இருக்கிறது. புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்குகிறவரும் பார்ப்பதில்லை, குத்துகிறவரும் பார்ப்பதில்லை.

கரி மட்டும் வெயிலுக்கு அசைவதில்லை. 1991இல் ஆஸ்திரிய, இத்தாலிய எல்லையில் பனிமலையில் ஒரு மனிதனின் உடலைக் கண்டெடுத்தார்கள். செத்து 5,300 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊட்ஸி என்று அவனுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவன் உடம்பில் எண்ணிப் பார்த்தால் 61 பச்சைக் குறிகள். எல்லாம் கரி. இன்றைக்கும் தெரிகிறது.

நம் ஆயாக்களின் கையில் இருப்பதும் அதே கரிதான். சென்னை அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எழுதியபோது, குறவர் பெண்கள் பச்சை குத்துவதையும் மை கூட்டுவதையும் குறித்துவைத்தார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்து, மெல்லிய துணியில் அடையாகத் தடவி, சுருட்டி, விளக்கில் திரியாகப் போட்டு எரிப்பார்கள். மேலே புதுச் சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியில் படிகிற கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. இதைப் படித்துவிட்டு அகத்தியின் மகிமை, மஞ்சளின் மகிமை என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. எரிந்துபோன பிறகு அகத்தி ஏது, மஞ்சள் ஏது? மிஞ்சுவது கரி. அந்தப் பெண்களின் அறிவு மூலிகையில் இல்லை. விளக்குக் கரி அவ்வளவு நைசாக, ஒரே அளவாக இருக்கும் என்று கண்டுகொண்டதில் இருக்கிறது. அடுப்புக்கரியை இடித்து எடுத்தால் அந்த நைசு வராது.

கரியைக் குத்தினால் பச்சையாக ஏன் தெரிகிறது என்று இங்கே ஒரு பெண் என்னிடம் கேட்டாள், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறவள். நல்ல கேள்வி. தோலுக்குள் நுழையும் ஒளியில் சிவப்பு ஆழம் வரை போய்க் கரியிடம் மாட்டிக்கொண்டு திரும்புவதில்லை. நீலம் ஆழத்துக்குப் போகும் முன்பே தோலில் சிதறி நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. நம் தோலின் மஞ்சள் கலந்த பழுப்பு அதன் மேல் சேர்ந்துகொள்ள, பச்சையும் நீலமும் கலந்தாற்போலத் தெரிகிறது. மை எவ்வளவு ஆழமோ அவ்வளவு பச்சை.

இதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. நம் தோலின் நிறமி மேல்தோலில் இருக்கிறது, மை அதற்குக் கீழே. எந்த வண்ணம் குத்தினாலும் நம் நிறத்தின் வழியாகத்தான் வெளியே தெரியும். வெள்ளை மையும் வெளிர்மஞ்சளும் வெள்ளைக்காரர் தோலில் எடுப்பாக இருக்கலாம். நம் கையில் தேமல் வந்ததுபோல இருக்கும். நான் சிரிப்பதற்குச் சொல்லவில்லை, தேமல் என்று நினைத்து மருந்து கேட்டு வந்தவர்களே உண்டு. அதோடு, பங்குனி வெயிலில் உங்கள் கை கறுக்கிறதே, அப்போதும் மேலே உள்ள நிறமிதான் கூடுகிறது. அடியில் இருக்கிற மை குறையாமலேயே பச்சை மங்கும். மழைக்காலத்தில் கை வெளுத்ததும் தெளியும். இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் பலர் இதைக் கவனித்திருப்பீர்கள்.

இந்த ஊரின் வெயில் சாதாரண வெயிலும் இல்லை. புற ஊதாக் கதிரின் அளவைச் சொல்ல ஒரு எண் வைத்திருக்கிறார்கள். அது 11ஐ எட்டினால் மிக மோசம் என்று கணக்கு. கோடையில் நம் கடற்கரையில் நண்பகல் அதைத் தாண்டும். மேலிருந்து வருவது போதாதென்று கீழிருந்தும் வருகிறது. காய்ந்த கடல் மணல் நூற்றுக்குப் பதினைந்து பங்கைத் திருப்பி அடிக்கும், அலை நுரை இருபத்தைந்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புதுப் பனியானால் எண்பது. பாத்தியிலும் அம்பாரத்திலும் வெளுத்துக் கிடக்கும் உப்பு மணலைப் போன்றதா, பனியைப் போன்றதா என்று கண் கூச நின்று உப்பு வாருகிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குடையோ தொப்பியோ இந்தக் கீழ்வெயிலை மறைக்காது.

மறைப்பது துணி. நகரத்து டாட்டூக் கடையில் ஒரு அச்சடித்த தாள் கொடுப்பார்கள். வெயிலில் போகாதீர்கள், வியர்க்கவிடாதீர்கள், நீந்தாதீர்கள். சரி, சோறு யார் போடுவார்கள்? அந்தத் தாள் குளிர்சாதன அறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு எழுதியது. உங்களுக்கு ஏற்ற பாதுகாப்பை நீங்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள். சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போகிறீர்களே, அதைவிடச் சிறந்த சன்ஸ்கிரீன் எந்தக் கடையிலும் கிடையாது. ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். நைந்துபோன வெள்ளைச் சட்டையை வேலைக்கு என்று ஒதுக்காதீர்கள். மெல்லிய வெள்ளைப் பருத்தி ஐந்தில் ஒரு பங்கு கதிரை உள்ளே விட்டுவிடும், வியர்வையில் நனைந்தால் இன்னும் அதிகம். நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணியாகப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியக்கூடாது. கருநீலப் பள்ளிக்கூடச் சீருடைத் துணி நல்ல துணி.

களிம்பும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. விலைதான் மலைப்பாக இருக்கிறது. ஆனால் உடம்பு முழுக்கத் தடவ வேண்டியதில்லையே. சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் என்பது கணக்கு. உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அகலத்துக்கு ஒரு பச்சை இருந்தால் 150 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒரு முறைக்கு 0.3 கிராம். ஒரு நாளைக்கு மூன்று முறை தடவினாலும் ஒரு கிராம் ஆகாது. 50 கிராம் டியூப் ஐம்பது நாளைக்கு மேல் வரும். வாங்கும்போது எஸ்பிஎஃப் 30 இருந்தால் போதும், அது எரிச்சல் தரும் கதிரில் 97 பங்கை நிறுத்தும். 50 என்றால் 98. அந்த ஒரு பங்குக்காக இரட்டிப்புக் காசு கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக டியூபின் மேல் பிஏ என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மை வரைக்கும் போகிற கதிரைத் தடுப்பதன் அளவு அது. மூன்று கூட்டலுக்குக் குறையக்கூடாது. வெயிலில் இறங்குவதற்குக் கால் மணி முன்னால் தடவி, இரண்டு மணிக்கு ஒரு முறை திரும்பத் தடவ வேண்டும். புதுப் பச்சைக்கு மட்டும் இது ஆகாது. ஆறும் வரை அது புண், புண்ணின் மேல் சன்ஸ்கிரீன் தடவக்கூடாது.

புண் என்றதும் நான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்த இடத்துக்கு வந்துவிட்டேன். ஒரு பச்சை எவ்வளவு காலம் தெளிவாக இருக்கும் என்பதை முதல் மூன்று வாரம் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. பொருக்குத் தட்டி, அது தானாக உதிரும் வரை தொடக்கூடாது. பிய்த்தால் பொருக்கோடு மையும் வரும். அங்கே வெள்ளையாக ஓட்டை விழும். சீழ் வைத்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே எதைத் தடவுகிறோம் என்பதைவிட எப்போது குத்திக்கொள்கிறோம் என்பது பெரிய கேள்வி.

நாம் எப்போது குத்திக்கொள்கிறோம்? திருவிழாவில். மேல்மலையனூரில் மாசி மயானக்கொள்ளை, மயிலத்தில் பங்குனி உத்திரம். கையில் நான்கு காசு புழங்கும், கூட்டாளிகள் கூட இருப்பார்கள், கடை போட்டு மிஷினோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். சரியாக அந்த மாதங்களில்தான் உப்பளத்தில் வேலை சூடுபிடிக்கிறது. திங்கட்கிழமை பச்சை, செவ்வாய்க்கிழமை பாத்தி. முற்றின உப்புத் தண்ணீர் புதுப் புண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று பட்டவர்களைக் கேளுங்கள். எரிச்சலோடு போகாது. பொருக்கு இறுகி வெடித்து மையோடு பெயரும். உப்பு அரித்துவிட்டது என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். ஆறாத புண்ணுக்குப் பொருந்துவதை ஆறின தோலுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள்.

மாசி மகம் இன்னும் மோசம். மயிலத்து முருகனே தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடலுக்கு வருகிறார், நாமும் கூடவே இறங்குகிறோம். முதல் வாரப் பச்சையோடு இறங்காதீர்கள். வெதுவெதுப்பான கடல் நீரில் விப்ரியோ என்ற கிருமிக் குடும்பம் உண்டு. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் முப்பத்தொரு வயதுக்காரர் ஒருவர், காலில் பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். அந்தக் கிருமி புண் வழியாக ஏறியது. குடியால் ஏற்கெனவே ஈரல் கெட்டிருந்தது. எவ்வளவோ போராடியும் காப்பாற்ற முடியவில்லை. 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் அவரைக் கவனித்த மருத்துவர்கள் எழுதினார்கள். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. ஈரல் கெட்டவர், சர்க்கரை உள்ளவர் இரண்டு பேரும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பச்சையைச் சுற்றிச் சிவப்பு மணிக்கு மணி பரவி, கொப்புளம் கிளம்பி, காய்ச்சலும் அடித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றிரவே ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ போய்விடுங்கள்.

அப்போது எப்போதுதான் குத்திக்கொள்வது? உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும். மழை இறங்கினால் பாத்தி மூழ்கிவிடும், வேலை கிடையாது, வெயிலும் தணிந்திருக்கும். உடம்பைப் பொறுத்தவரை அதைவிட நல்ல காலம் இல்லை. பையைப் பொறுத்தவரை அதைவிடக் கெட்ட காலம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அரசு கொடுக்கிற 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தை எடுத்துப் பச்சை குத்திக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதாக யாரும் வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். ஆவணியில், உப்பு வாரி முடிகிற நேரத்தில், கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

கடலுக்குப் போகிற தம்பிகளில் விசைப்படகில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. வெயில் கொடுமைதான், ஆனால் கரையில், நிழலில், துணிக்குள் இருக்க முடியும். தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே குத்திக்கொண்டால் வலை பிடிக்கும்போது ஆறியிருக்கும். ஃபைபர் படகுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை, ஓய்வும் இல்லை. புயல் சின்னம், காற்றழுத்தம் என்று கடலுக்குப் போகாதே என்கிற நாட்கள் கார்த்திகையில் சேர்ந்தாற்போல் வரும். அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதுவும் முடியாது என்றால், வலைக் கயிறு உரசுகிற முன்கையை விட்டுவிட்டுச் சட்டைக்குள் மறையும் மேல்கையில் குத்திக்கொள்ளுங்கள்.

ஆறுகிற காலத்தில் தடவுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை மிதமான சோப்பு, நல்ல தண்ணீர், ஒற்றி எடுத்த ஈரம், மேலே மெல்லியதாக வாசலின். அவ்வளவுதான். மொத்தமாக அப்பினால் புண் ஊறிப்போகும். மஞ்சள் பூசுவது பழைய வழக்கம், நிறம் எடுக்கும், வீங்காது என்று பூசினார்கள், தர்ஸ்டனும் எழுதியிருக்கிறார். அன்றைக்கு வேறு வழி இல்லை. இன்றைக்குக் கடைத் தூளில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? திறந்த புண்ணில் வேண்டாம்.

ஒரு களிம்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். ஆறும்போது அரிக்கும். அரிப்பு என்று மருந்துக்கடையில் போய் நின்றால் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அதே க்ரீமைத்தான் படைக்கும், முகம் வெளுக்கவும், பருவுக்கும் கொடுக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, க்ரீம் போகவில்லை. அது அரிப்பை அன்றைக்கே நிறுத்தும். அதோடு புண் ஆறுவதையும் நிறுத்தும். மாதக்கணக்கில் தடவினால் தோல் காகிதமாக மெலிந்து, நரம்பு தெரிய ஆரம்பிக்கும். பச்சையைக் காப்பாற்றுகிறேன் என்று அதைத் தாங்குகிற தோலைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள்.

ஊசி. நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி என்பவர் 1891இல் பச்சை குத்தும் மின்சார மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். எடிசன் நகல் எடுப்பதற்குச் செய்த மின்சாரப் பேனாவிலிருந்து எடுத்த யோசனை. திருவிழாவில் பேட்டரியில் ஓடுகிற மிஷின் அதனுடைய வழிவந்ததுதான், மிஷின் மேல் குறை இல்லை. ஒருவருக்குக் குத்திய ஊசி, ஒருவருக்குத் தொட்ட மை, அடுத்தவருக்குப் போகிறதே, அங்கேதான் மஞ்சள்காமாலை பி, சி, எச்ஐவி எல்லாம் ஏறி உட்காருகின்றன. சத்தீஸ்கரில் பச்சை குத்திய கோட்டிலேயே தொழுநோய் தொடங்கியவர்களைப் பற்றித் தோல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கவரைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், மையைத் தனி மூடியில் ஊற்றச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். சவரக் கடையில் புது பிளேடு போடச் சொல்லி நாம் கேட்டுப் பழகிவிட்டோமே. குத்திய பிறகு பன்னிரண்டு மாதம் ரத்ததானம் செய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ரத்ததான முகாமில் அதை மறைக்காதீர்கள்.

என்ன குத்துவது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் ஐம்பது வருடம் கழித்தும் தெரிய வேண்டும் என்றால் ஆயாக்களைப் பாருங்கள். கோலம், புள்ளி, தேள், பெயர். கோடு தடிப்பு, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தாராளமாக இடம். மை பரவினாலும் தேள் தேளாகவே இருக்கிறது. இப்போது தம்பிகள் நெஞ்சிலும் முன்கையிலும் நடிகர் முகத்தை முடி முடியாக வரைந்துகொள்கிறார்கள்.     முகம் பதினைந்து இருபது வருடத்தில் மீசையும் உதடும் ஒன்றாகி, யாருடைய ரசிகர் என்று நீங்களே சொல்ல வேண்டி வரும். விரல், உள்ளங்கை, பாதத்தின் ஓரம் இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். அங்கே தோல் உரசித் தேய்ந்து மாறிக்கொண்டே இருக்கும், எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் நிற்காது. நெஞ்சின் நடுவிலும் தோள்பட்டையிலும் தழும்பு தடித்து வளரும் வாகு உள்ளவர்கள், காது குத்திய இடத்தில் கட்டி வந்தவர்கள், யோசித்துக் குத்துங்கள்.

கேள்விச் சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒரு அம்மா கேட்கிறார்: "முப்பது வருசத்துப் பச்சை, அதே கோட்டு மேல திரும்பக் குத்தலாமா?" குத்தலாம் அம்மா. பழைய கோடு பரவியிருப்பதால் புதுக் கோடு கொஞ்சம் தடிப்பாக விழும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வந்த பிறகு போங்கள்.

இன்னொன்று, ஒரு தம்பி பெயர் போடாமல் எழுதியிருக்கிறார். ராணுவத்துக்குப் போக வேண்டும், கையில் ஒரு பெண் பெயர் இருக்கிறது, எப்படி மங்கச் செய்வது? தலைப்புக்கு நேர் எதிரான கேள்வி. பரவாயில்லை. சுண்ணாம்பு, ஆசிட் வைத்து எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதே தம்பி. பெயர் போகாது, அதே எழுத்தில் தழும்பு எழும்பும், பிறகு அதை எதுவும் எடுக்காது. லேசர் இருக்கிறது. மைத்துகளை உடைத்துப் பொடியாக்கும், பொடியை அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்துகொண்டு போகும். முன்னே சொன்னேனே, விட்டதை அடுத்த அணு விழுங்கிக்கொள்கிறது என்று, அதனால்தான் ஒரே முறையில் முடிவதில்லை. கரி மை என்றால் எளிது, வண்ணம் என்றால் பிடிவாதம். முறைக்கு முறை ஆறிலிருந்து எட்டு வாரம் இடைவெளி விட்டுப் பல முறை ஆகும். வெயிலில் கறுத்த தோலில் லேசர் வைத்தால் பொத்துப்போகும், ஆகவே இதற்கும் மழைக்காலம்தான். ஆள்சேர்ப்பு முகாமுக்கு ஒரு வருடம் முன்பே தொடங்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் அந்தப் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை கையின் உள்பக்கத்திலும், புறங்கையிலும் பச்சை இருக்கலாம் என்று ராணுவ விதியே சொல்கிறது. அங்கேதான் இருக்கிறது என்றால் லேசருக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.